சஹன் உள்ளே போகாது

1

இந்தக் கதை பஸ்ஸில் கிடைத்த ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. கண்டியிலிருந்து மாத்தளை போகும் பஸ். முன் ஆசனத்தில் ஒரு பெண் போனில் தன் தாத்தாவோடு, அதாவது மூத்த சகோதரியோடு, பேசிக்கொண்டிருந்தாள். "மெஷின் வந்தும் எண்ட கை அப்படியேதான் ஈக்கி தாத்தா," என்றாள்; கை அப்படியேதான் இருக்கிறதாம். அலவத்துகொடையில் இறங்கிப் போய்விட்டாள். முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. மற்றதெல்லாம் கற்பனை. கோபம் மட்டும் கற்பனையில்லை.

கோபத்தோடு எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. ஒரு சின்ன அன்பு போதும், அல்லாஹ் அதைக் கொண்டே ஒரு வீட்டைத் திருத்திவிடுவான் என்று நம்புகிறவன் நான். அந்த நம்பிக்கையில் முதல் வரி இப்படி வந்தது:

கைரியாவின் வீட்டுக்குப் பாத்திரம் கழுவும் மெஷின் வந்த நாள் ஒரு பெருநாளைப் போல

வேண்டாம். இது அவளுடைய கையைப் பார்க்காதவன் எழுதிய வரி.

2

கையைப் பாருங்கள். விரல் இடுக்குகளில் தோல் பிளந்து கிடக்கிறது. சவர்க்காரத் தண்ணீர் வருடக்கணக்கில் பட்டு வந்த நோய். "சோப்பில் கை வைக்காதீர்கள். வைத்தால் எந்த மருந்து பூசியும் பலனில்லை," என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

(கையுறை போடலாமே என்பீர்கள். போட்டாள். உள்ளே வியர்த்து வெடிப்பு இன்னும் கூடியது.)

ஆனால் நான் சொல்ல வந்தது வலியைப் பற்றி அல்ல. தொழுகைக்கு முன் வுழூ செய்ய வேண்டும். கைகளைக் கழுவ வேண்டும். பச்சைத் தண்ணீர் பட்டாலே மிளகாய் பட்டதுபோல் எரியும். முன்பெல்லாம் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் அவளுடைய மனம் முதலில் எழும்பும். இப்போது கை முதலில் பயப்படுகிறது. தொழுகையை அவள் விடவில்லை. ஆனால் பாங்கு கேட்கும்போது, இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதே என்று ஒரு நினைப்பு ஓடுகிறது. அந்த நினைப்புக்காகத் தன்னையே வெறுக்கிறாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஓர் ஈமான்தாரிப் பெண்ணை, இறைநம்பிக்கை உள்ளவளை, பாங்குக்குப் பயப்பட வைத்தது எது? நெய்ச் சோற்றுப் பிசுக்கு. அவள் கேட்டது இவ்வளவுதான்: கை ஆறவேண்டும், பயம் போகவேண்டும்.

3

மெஷின் தெரிவு செய்யக் கண்டி டவுனுக்கு மூன்று பேர் போனார்கள். கைரியா, கணவர் பளீல், பளீலின் நானா ஜமால்தீன். அண்ணன் எதற்கு? அவர் வாகனம் வாங்கி விற்றவர். மோட்டர் உள்ள எதையும் அவர் பார்க்காமல் வாங்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் சட்டம்.

(முதல் பிரதியில் ஒரு மாமியாரும் இருந்தார். "மெஷின்ல கழுவினா வீட்டுட பரக்கத் போயிரும்," என்று அவரைப் பேச வைத்திருந்தேன். உங்களுக்கும் வசதியாக இருந்திருக்கும். திட்டுவதற்கு ஒரு கிழவி கிடைத்திருப்பாள். அந்த வரிகளை அடித்துவிட்டேன். இந்த வீட்டில் மாமியார் இல்லை. கோபம் போகவேண்டிய இடத்துக்கே போகட்டும்.)

கடைக்காரர் மெஷினின் கதவை இறக்கி, தட்டுகளை வெளியே இழுத்துக் காட்டினார். "பதினாலு பேர் சாப்பிட்ட பீங்கான் ஒரே தரத்தில போடலாம்."

ஜமால்தீன் குனிந்து, எஞ்சின் பார்ப்பதுபோல் பார்த்தார். சத்தம் வருமா, கரண்ட் எவ்வளவு இழுக்கும் என்று கேட்டார். பளீல் நிறத்தைப் பற்றிக் கேட்டார்.

"மச்சான், சஹன் போகுமா எண்டு கொஞ்சம் பாருங்களே," என்றாள் கைரியா, ஜமால்தீனிடம்.

(சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. சோறும் கறியும் அதில் நிறைத்து நடுவில் வைத்து, பலர் சுற்றியிருந்து உண்பார்கள்.)

"சஹனுக்கு எனத்துக்குப் புள்ள மெஷின்? அது ஒத்தச் சாமான்தானே!" என்றார் ஜமால்தீன்.

பளீல் சிரித்தார். கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "எவ்வளவு பெரிசு, மிஸ்?" என்று கேட்டார். அவள் கைகளை விரித்துக் காட்டினாள். அவர் அந்த வெடித்த விரல்களைப் பார்த்தார். பிறகு நாடாவை எடுத்து மெஷினின் உள்ளே அளந்தார். "போகாது மிஸ்," என்றார் வருத்தத்தோடு.

"பில்லப் போடுங்க," என்றார் ஜமால்தீன்.

சின்ன அன்பைத் தேடுகிறவன் என்றேனே, அது இந்த இடத்தில் கிடைத்தது. ஒரு அந்நியர், ஒரு நாடா. பயன் ஒன்றும் இல்லை.

4

வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்து பளீலும் ஜமால்தீனும் ஜமால்தீனின் இரண்டு மருமகன்களும் பாயில் சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வாராவாரம் அப்படித்தான்.

"ஒரே சஹன்ல திண்டாத்தான் பரக்கத்," என்றார் ஜமால்தீன், வாய் நிறையச் சோற்றோடு.

சேர்ந்து உண்பதில் அருள் உண்டென்று நானும் முழு மனதாக நம்புகிறேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

அவர்கள் எழும்பியபின் கைரியா அடுப்படியில் தனியே ஒரு பீங்கானில் சாப்பிட்டாள். பிறகு சஹனை மெஷினுக்குள் நிமிர்த்திப் பார்த்தாள், சரித்துப் பார்த்தாள், மேல்தட்டைக் கழற்றியும் பார்த்தாள். கதவு மூடவில்லை.

"மெஷின் ஓடுதா?" ஹோலிலிருந்து ஜமால்தீன்.

"ஓடுது மச்சான்."

"எப்படி? இனிப் பொண்டுகளுக்கு ராஜ வாழ்க்கதான்!"

"சாச்சிக்கு இனிக் கால நீட்டிட்டு ஈக்கலாம்," என்றான் ஒரு மருமகன். "அப்படியே ஒரு பிளேன்டீயும் தாங்க சாச்சி!"

அவளுடைய இரண்டு கைகளும் அப்போது சிங்கில், நெய்க்குள், சோப்புக்குள் இருந்தன. பக்கத்தில் மெஷின் மெல்ல இரைந்தது. பதினாலு பேருக்கான மெஷின். உள்ளே நாலைந்து கரண்டி, சில கோப்பை, ஒரே ஒரு பீங்கான். அது அவளுடையது. ஆண்கள் உண்ட பாத்திரத்தை அவள் கை கழுவியது. அவள் உண்டதை மெஷின் கழுவியது.

5

முடிவு ஒன்று. பளீல் அடுப்படிக்குள் வந்து சட்டைக் கையை மடிக்கிறார். "நீ தள்ளு புள்ள, நான் கழுவுறன்." எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. கைரியா குறுக்கே வந்தாள்.

"எழுதுறவரே, அவர் ஒரு ஜும்ஆக்குக் கழுவுவார். அடுத்த ஜும்ஆக்கு, 'பளீல் பொண்டாட்டிக்கு சஹன் கழுவிக் குடுத்தார்' எண்டு ஊரெல்லாம் கத ஈக்கும். மூணாவதுக்கு ஆரு? நான்தான்."

"ஒரு சின்ன அன்பு..." என்று இழுத்தேன்.

"அவர் திண்ட சாமான். அவர்ட பங்கு. பங்க அன்பு எண்டு செல்லாதீங்க."

அந்த முடிவை அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு. ஹோட்டல்களில் வைக்கும் பெரிய மெஷின். அவள் சிரித்தேவிட்டாள். "நாலு பேர் மாறி மாறி எழும்பினா முடியிற வேலைக்கு, அடுப்படிய இடிக்கவா போறீங்க?"

முடிவு மூன்று. அவள் சஹனைத் தூக்கி முற்றத்தில்

இல்லை. சோறு வைத்த தட்டை எறியும் கை அல்ல அது.

6

அடுத்த வெள்ளிக்கிழமை. சோறு வைத்தாள். சாப்பிட்டார்கள். அவள் தன் பீங்கானை மெஷினில் வைத்து மூடிவிட்டு, ஹோல் வாசலில் வந்து நின்றாள்.

"கைரியா, சஹன எடுக்கல்லையா?" என்றார் பளீல்.

"இல்ல."

"ஏன், சொகமில்லையா?"

"கை ஆறணும். நான் எடுக்க மாட்டன். இண்டைக்கும் இல்ல, இனியும் இல்ல."

ஜமால்தீன் தம்பியைப் பார்த்தார். "என்னடா இது?"

தம்பி சஹனைப் பார்த்தார். மருமகன்கள் தங்கள் விரல்களைப் பார்த்தார்கள். யாரும் பிளேன்டீ கேட்கவில்லை.

அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. கைரியா வுழூ செய்யப் போனாள். தண்ணீர் எரியத்தான் செய்தது; ஒரே நாளில் ஆறுமா? ஆனாலும் குழாயைத் திறக்க அவள் தயங்கவில்லை.

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். எழுதினால் பளீலைச் சஹன் கழுவ எழுப்பிவிடுவேன். என் சுபாவம் அப்படி. நான் எழுப்பினால் அது என் தயவாகிவிடும். பங்கைத் தயவாக்கக் கூடாது என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

சஹனில் நெய் இறுகிக்கொண்டிருக்கிறது. பாயில் நால்வர் இருக்கிறார்கள். அங்கே இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது; இவ்வளவு நேரமும் நீங்கள் அதில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.