கயெத்தானோ தொடாத இடம்

சூசைதாசனின் செத்தவீட்டுப் படம் மன்னாரிலிருந்து தபாலில் வந்தது. அகஸ்ரீனா அதைப் பார்த்தாள். பிறகு மேசையில் வைத்துவிட்டு, மிச்ச உருளைக்கிழங்கையும் உரித்து முடித்தாள். புருசன் காய்ச்சலில் போய் நாலு கிழமை. அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

படத்தில் பெட்டியைச் சுற்றிச் சொந்தபந்தம் எல்லாம் நின்றது. தலைமாட்டில் அகஸ்ரீனாவும் நின்றாள். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு, நகர வழியில்லாமல் இத்தாலியில், பலெர்மோவில் கிடப்பவள் அங்கே எப்படி நிற்பாள்? பெண்சாதி இல்லாவிட்டால் குறையென்று, ஸ்ரூடியோக்காரன் கலியாணப் படத்திலிருந்து அவளை வெட்டி ஒட்டியிருந்தான். நல்ல மனிதன்தான், மூளைதான் இல்லை. அந்தக் கலியாணப் படம் எடுக்கும்போது சூசைதாசன், "எனக்குச் சப்பாத்து கடிக்குது" என்று மெல்லச் சொல்ல, அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடேயே பெட்டியடியில் நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள் பூசை. பலெர்மோவில் தமிழர் கூடும் மாதா கோவிலில் படத்தை வைக்க வேண்டும். அழாதவள் என்று ஏற்கெனவே கதை அடிபடுகிறது. இனிச் சிரித்தவள் என்றும் சொல்வார்கள்.

அவள் வேலை செய்த வீட்டு எசமானி, சிஞோரா ஒர்தென்சியாவுக்கு எண்பத்தாறு வயது. அவருடைய அப்பா கயெத்தானோ பெரிய படப்பிடிப்பாளர். முதலாம் உலகப்போருக்கு முன்னர், பிரபு வீட்டுப் பெண்கள் அவரிடம் குதிரைவண்டியில் வந்து இறங்குவார்களாம். படம் பதிந்த கண்ணாடித் தட்டைச் சின்னக் கத்தியால் சுரண்டிச் சுரண்டி அவர்களின் இடுப்பை ஒடுக்குவார், மருவை மறைப்பார், இரட்டைத் தாடையை ஒற்றையாக்குவார். பிரபுக்கள் நொடிந்ததும் அவரும் நொடிந்து, அடையாள அட்டைக்குப் படம் எடுத்தே செத்துப்போனார். சிஞோரா பன்னிரண்டு வயதிலேயே அந்தக் கத்தியைப் பிடித்தவர்.

"இந்தச் சிரிப்பை எடுத்துவிடுங்கள், சிஞோரா," என்றாள் அகஸ்ரீனா இத்தாலியனில்.

"அப்பா எதையும் திருத்துவார், வாயை மட்டும் தொடமாட்டார். வாயைத் தொட்டால் அது வேறு ஆள் என்பார்."

"வேறு ஆளாக இருந்தால் இருக்கட்டும்."

சிஞோரா பூதக்கண்ணாடியை எடுத்தார். கோப்பையைப் பிடித்தால் நடுங்கும் கை, கத்தியைப் பிடித்ததும் நடுங்கவில்லை. உதட்டின் இரண்டு ஓரத்தையும் சுரண்டி, பென்சிலால் கீழே இழுத்துவிட்டார். பத்து நிமிட வேலை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் படத்தைச் சுற்றி நின்றார்கள். பூசைக்கு வந்த ஊர்க்காரி மாக்கிரட் மூக்கைச் சிந்தினாள்.

"அக்கா, ஒட்டின படமெண்டு தெரிஞ்சும் பாக்கேலாமல் கிடக்கு. எப்பிடி உடைஞ்சுபோய் நிக்கிறியள்!"

"ஓம்," என்றாள் அகஸ்ரீனா. மாக்கிரட்டுக்குத் தின்ன ஒரு பணிசை நீட்டிவிட்டுத் தானும் குனிந்து பார்த்தாள்.

யாரோ ஒருத்தி சூசைதாசனின் தலைமாட்டில் நின்று ஒழுங்காகத் துக்கப்பட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அவனைத் தெரியாது. அவனுக்குச் சப்பாத்து கடித்ததும் தெரியாது. அகஸ்ரீனாவுக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. தான் அந்தச் செத்தவீட்டுக்குப் போகவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.