இரைச்சல் இல்லாத மதியம்

கட்டிலைத் திருப்பிப் போட இடம் போதவில்லை. மேசையை ஒதுக்குவதற்காக மகள் அதன்மேல் இருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் தூக்கினாள். மூடி போடாத பெட்டி. டிரான்ஸ்ஃபார்மரில் விரல் பட்டதும் அப்படியே திரும்ப வைத்துவிட்டாள்.

சுட்டது.

சுவிட்சைப் பார்த்தாள். அணைத்திருந்தது. பின்னால் கட்டிலில் அப்பா கிடந்தார். டாக்டர் வந்து பார்த்து, இதயம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எப்போது நின்றது என்று அவர் சொல்லவில்லை.

அதை அம்மாதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், வார்த்தை மாறாமல்.

"மதியம் வேலை முடிஞ்சு வரேன், வீடு கப்சிப்னு இருக்கு. அந்த இரைச்சல் இல்ல. சரி, மனுஷன் அணைச்சிட்டுத் தூங்குறார்னு நினைச்சேன். சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் படுத்தேன். டீ போட்டு எடுத்துட்டுப் போனா... நான் வர்றதுக்கு முன்னாடியே போயிருக்கார்."

மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்த இரைச்சல்தான் வீட்டில் மூன்றாவது ஆள். அப்பா தன் கையால் கட்டிய ஆம்ப்ளிஃபயர். பாட்டு போடாவிட்டாலும் கொதிக்கிற ரகம். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகள் அதிரும். அதிர்வு பெட்டிக்கு இறங்கி, மேசைக்கு இறங்கி, சுவருக்குப் போகும். சுவருக்கு அந்தப் பக்கம்தான் அம்மா சாப்பிட உட்காருவாள். "தட்டு தானா நகருது, பேய் வீடு மாதிரி" என்பாள். இன்று காலையும் சண்டை. "ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் தையல் கடைக்குக் கிளம்பியிருந்தாள்.

மகள் குனிந்து பார்த்தாள். டிரான்ஸ்ஃபார்மரின் போல்ட்டுகளுக்கு அடியில் புது ரப்பர், சைக்கிள் டியூபில் வெட்டியது. மிச்ச டியூபும் கத்தரிக்கோலும் மேசையிலேயே கிடந்தன. சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. காதைக் கிட்டே கொண்டுபோனாள். ஒன்றும் இல்லை. மேசையில் உள்ளங்கையை வைத்தாள். துளி நடுக்கம் இல்லை. உடனே அணைத்தாள்.

அம்மா வந்தபோது பெட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. காலையிலேயே அணைத்திருந்தால் இதற்குள் பச்சைத் தண்ணீராக ஆறியிருக்கும். அவள் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் யாரோ அணைத்திருக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லை.

சவுண்ட் சர்வீஸ்காரர் உள்ளே வந்தார். அப்பாவின் கூட்டாளி, இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளை ஈயம் பற்றவைக்கிற புகையிலேயே கழித்தவர்கள். கட்டிலருகே போனார்.

"சொல்லாம கொள்ளாம பிளக்கைப் பிடுங்கிட்டியேடா" என்றார்.

அம்மா பின்னாலேயே வந்தாள்.

"தம்பி, தொட்டுப் பாத்தே எப்ப நிறுத்தினதுன்னு சொல்லுவீங்களே ரெண்டு பேரும். அதைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. ஆறிப்போயிருக்கும்ல?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. மனுஷன் இங்க உசுரோட கிடக்கறப்ப நான் அங்க உக்காந்து தின்னுட்டு இருந்தேனான்னு எனக்குத் தெரியணும்."

அவர் குனிந்தார். உள்ளங்கை டிரான்ஸ்ஃபார்மரின் மேல் முழுதாகப் படிந்தது. எடுக்கவில்லை. புது ரப்பரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"சில்லுன்னு இருக்கு அண்ணி. காலையிலேயே நிறுத்திட்டான்."

"ஆமா" என்றாள் அம்மா. "அதான் சத்தமே இல்ல." நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல்முறையாகக் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

மகள் டம்ளரோடு திரும்பியபோது டிரான்ஸ்ஃபார்மரை அப்பாவின் சட்டை ஒன்று மூடியிருந்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் வாசலில் நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாற்காலிக்கும் இடையில் வலது உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.