வெங்காயம் போடாத சோயாக் கறி

சிவசக்திக்கு அழுகை வந்தால் வெங்காயம் உரிப்பாள். உரித்தால் அழுகை வருவதுதான் ஊர் வழக்கம். இவள் அதைத் தலைகீழாக்கி வைத்திருந்தாள்.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு அவள்தான் பொறுப்பு. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வாள். அதோடு நிற்பாளா? எதைத் தின்ன வேண்டும், எதைத் தின்னக்கூடாது என்று அந்தத் தாய்மாருக்கு வகுப்பும் எடுப்பாள். ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் அம்மணிக்குத் தன் உடம்பு மட்டும் பிடிபடவில்லை. மாதவிலக்கு தப்பித் தப்பி வந்து, இப்போது நின்றேபோயிருந்தது. மார்கழிக் குளிரிலும் வியர்த்துக் கொட்டியது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். தொட்டிலில் பிள்ளை அழுதால் தூக்க மனம் வரவில்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பிள்ளைகள் என்றால் உயிரை விடுகிறவள் அவள். பைத்தியம் பிடிக்கிறதோ என்று யாரிடம் போய்க் கேட்பது?

பண்டாரவளையில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில், சோயாவில் பெண்களின் ஹோர்மோனைப் போன்ற ஒன்று இருக்கிறது, இந்த வயதில் உடம்புச் சூட்டுக்குக் கொஞ்சம் உதவலாம் என்றார்கள். "கொஞ்சம்", "உதவலாம்" இரண்டையும் வகுப்பிலேயே விட்டுவிட்டுச் சோயாவை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள் சிவசக்தி. சூட்டுக்குச் சொன்னதைத் துக்கத்துக்கும் சேர்த்துக்கொண்டாள். வைத்தியம் என்று பதுளைக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள். கடையில் சோயாமீட் உருண்டை வாங்கினால் யார் பார்க்கப்போகிறார்கள்? தன் உடம்புக்கு நல்லதாம் என்று மட்டும் புருஷனிடம் சொல்லிவைத்தாள். காலையில் ரொட்டிக்குச் சோயாக் கறி, இராத்திரிச் சோற்றுக்குச் சோயாப் பிரட்டல்.

உப்பு ஒரு கல் கூடினாலே தட்டைத் தள்ளிவிடுகிற புருஷன் சந்திரபோஸ், வாயைத் திறக்காமல் தின்றான். தன் கைப்பக்குவம் தேறிவிட்டது என்று அவளுக்குப் பெருமை வேறு. கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டால் வெங்காயம் என்பாள். அதற்கும் தலையாட்டுவான்.

அன்று பிள்ளைக்காம்பராவில் ஒரு கைக்குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் அழுது தீர்த்துவிட்டு, ஒருவழியாகக் கறியை இறக்கித் தட்டு வைத்தாள். சந்திரபோஸ் அவள் கண்ணைப் பார்த்தான். கேட்பதற்கு முன்பே வெங்காயம் என்று சொல்லிவிட்டாள்.

அவன் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டைக் கிளறினான்.

"கறியில வெங்காயமே இல்லயே, சத்தி."

வெங்காயக் கூடை காலியாகிச் சில நாட்களாகியிருந்தன. கெட்டிக்காரி, பொய்க்குச் சரக்கு வாங்க மறந்திருந்தாள். சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

"எனக்கு என்னமோ ஆயிருச்சுங்க. புள்ளைகள தூக்கவே புடிக்கல."

"தெரியுது புள்ள. இந்தக் கறி ஒன்னைய தேத்திருமோன்னுதான் நானும் மூச்சு விடாம தின்னேன். நாளைக்கு பதுளைக்குப் போவோம்."

பதுளையில் டொக்டர் ஷிப்னா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இந்த வயதில் பலருக்கும் இப்படி வருகிறது, பைத்தியமில்லை, குணப்படுத்தலாம் என்றார். சோயா நல்ல சாப்பாடுதான், ஆனால் மனச்சோர்வுக்கு அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று மருந்து எழுதி, மாதாமாதம் வந்து பேசவும் சொன்னார்.

ஓரமாக உட்கார்ந்திருந்த சந்திரபோஸ் தொண்டையைச் செருமினான்.

"அப்ப அத தெனமும் திங்கணும்னு இல்லீங்களே, டொக்டர்?"

சிவசக்திக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, அதற்கு அவள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.