மூடியில் சுப்பனின் முகம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது யோக்கியன் எழுதுகிற கதை இல்லை.

சுங்குவார்சத்திரம் யாக்கோபு ஐயா பட்டாளத்துக்காரர். சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு மூன்றரை வருடம் கைதியாகக் கிடந்தவர். முகாமில், காய்ச்சலில் கிடந்த சிநேகிதன் சுப்பனின் முகத்தைச் சாப்பாட்டு டின் மூடியில் ஆணியால் கீறினார். மறுநாள் சுப்பன் இல்லை. அவனுக்கு வேறு படமும் கிடையாது.

1991இல், கதை எழுதுகிறேன் என்று அந்த மூடியை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன். சுப்பனின் தங்கை பாப்பம்மாள் வல்லக்கோட்டையில் இருப்பது அப்போதுதான் தெரிந்திருந்தது. அண்ணன் முகத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ஐயா வீட்டுக்கு வருவதாக இருந்தார்.

2

சனிக்கிழமை என் மனைவி காந்திமதி மூடியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து—

[அடித்துவிட்டேன். பச்சைப் பொய். காந்திமதி அன்று ஊரிலேயே இல்லை.]

பாத்திரக் கடைக்குக் கொண்டுபோனவன் நான்தான். நம் பக்கம் பேர் வெட்டாமல் பாத்திரம் கொடுத்தால் மரியாதை ஏது? ‘அன்பளிப்பு: எழுத்தாளர் புருஷோத்தமன்’* என்று வெட்டச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மூடி பளபளவென்று இருக்கிறது; ஓரத்தில் என் பேர் இருக்கிறது, சுப்பன் முகத்தைக் காணோம்.

“பாலிஷ் போட்டுத்தானே சார் பேர் வெட்டுவோம். இன்னா சார், இப்டி முழிக்கிற?”

* அவருடைய மூடியை அவருக்கே அன்பளிப்பு! அதுவரை வெளிவந்திருந்தது என் ஒரே ஒரு கதை.

3

வீட்டுக்கு வந்து ஆணியை எடுத்தேன். [கை நடுங்கியது. இல்லை, நடுங்கவேயில்லை. அதுதான் அசிங்கம்.] நினைவிலிருந்து கண், மூக்கு, காது எல்லாம் கீறினேன். கரியைத் தேய்த்துப் பழசாக்கினேன்.

4

பாப்பம்மாள் மூடியை மடியில் வைத்து விரலால் தடவினார்.

“எங்கண்ணந்தான்! அப்டியே எங்கப்பா மூக்கு. இத்த நான் எடுத்துக்கினு போவட்டா?”

யாக்கோபு ஐயா வெகுநேரம் மூடியையே பார்த்தார். “எடுத்துக்கோம்மா” என்றார்.

[இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லிவிடுவதாக மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றும் கப்சா.]

பாப்பம்மாள் பஸ் ஏறியதும் ஐயா என்னிடம் சொன்னார்:

“அம்பது வருசமா கண்ண மூடுனா சுப்பன் வந்துகினு இருந்தான். இனிமே நீ போட்ட மூஞ்சிதான்யா வரும்.”

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

5

பாப்பம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன். சீ, என்ன பிழைப்பு! அந்த முகத்துக்குத் தினமும் பூ வைக்கிறாராம்.

உங்களுக்குப் படிக்கத் தெரிகிறது. வல்லக்கோட்டை முருகனைப் பார்க்கப் போனால், கோயிலுக்குப் பின்தெருவில் அவர் வீடு. உண்மையைச் சொல்வீர்களோ, அந்த மூடியைக் கும்பிட்டுவிட்டு வருவீர்களோ, உங்கள் இஷ்டம். நான் அந்தப் பக்கம் போவதில்லை.