நிராபத் 'முடியாது' என்ற நாள்

ஜகத்தாத்ரி பூஜை ஊர்வலத்துக்கு எங்கள் மயில் கிளம்ப மூன்று மணி நேரம்தான் இருந்தது. இருபதடி உயரம், தோகையில் நூற்றிருபது கண்கள், எல்லாம் விளக்குகள். அந்த வருடம் சந்தன்நகரில் வேறெந்தப் பட்டறையும் இப்படி ஒன்றைச் செய்யவில்லை. பரபரப்பில் எனக்குக் காலையிலிருந்து சோறு இறங்கவில்லை.

எங்கள் வங்காளத்தில் அண்ணனைத் 'தாதா' என்போம், பெயரோடு சேர்த்தால் 'தா'; அக்காவுக்கு 'தி'. முதலாளி பூதேப்-தா குறுக்கும் நெடுக்கும் நடந்து கத்திக்கொண்டிருந்தார். கத்தினால்தான் வேலை நடக்கும் என்பது அவர் நம்பிக்கை. பாவம், எவ்வளவு டென்ஷன் என்று நாங்கள் அவருக்காகப் பரிதாபப்படுவோம். மூலையில் நிராபத்-தா தலை நிமிராமல் ஒயர்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். பதினாறு வருடமாக எதைக் கொடுத்தாலும் அவர் சொல்வது ஒரே வார்த்தை: "ஆயிடும்." அதனால் யாரிடம் எந்த வேலை மிஞ்சினாலும் அவர் மடியில்தான் போய் விழும். நானும் போட்டிருக்கிறேன்.

"அவருக்கென்ன ஷிப்ரா-தி, டென்ஷனே கிடையாது. மனுஷனா, ஐஸ்கட்டியா?" என்பான் என்னிடம் வெல்டர் பல்ட்டு.

ஒரு மணிக்கு எரியவிட்டுப் பார்த்தோம். தோகையில் ஒரு பக்கம் இருட்டு.

"நிராபத், முப்பது கண்ணு எரியல. பாத்துடு" என்றார் பூதேப்-தா.

"முடியாது, தாதா."

பட்டறையே நிமிர்ந்து பார்த்தது.

"கை நிக்க மாட்டேங்குது. நாலு நாளா இப்படித்தான்."

அவர் கைகளை நீட்டினார். பத்து விரலும் நடுங்கின. காலையில் நான் வைத்த பொரிக் கிண்ணம் அப்படியே இருந்தது. இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த நான் அதைப் பார்க்கவே இல்லை.

பூதேப்-தா கத்துவதற்குத் திறந்த வாயை மூடினார். "நாலு நாளா ஏன்டா சொல்லல?"

"நீங்க கேக்கலையே. பாத்துடுன்னுதான் சொன்னீங்க."

பூதேப்-தா சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "பத்து கண்ணு எனக்கு. ஷிப்ரா, உனக்குப் பத்து. பல்ட்டு, உனக்கும்."

"நான் வெல்டர், தாதா. மயிலைப் பொசுக்கிப்புடுவேன்."

"பொசுக்கு. நாளைக்கு மயில் வறுவல் சாப்பிடலாம்."

"அப்ப நான்?" என்றார் நிராபத்-தா.

"நீ பொரி தின்னு. தின்னுகிட்டே எங்க தப்பைச் சொல்லு."

முதலாளியின் பற்களுக்கிடையே ஒயர் இருந்ததால் கத்த ஆளில்லை. எங்கள் கைகள் பறந்தன. பன்னிரண்டு வருடம் கழித்து வேலையில் உட்கார்ந்த பூதேப்-தா ஐந்தாவது கண்ணிலேயே விரலைச் சுட்டுக்கொண்டார். "சிவப்பு ஒயர் அங்க இல்ல தாதா, இங்க" என்று சொன்ன நிராபத்-தா சிரித்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

மூன்றே முக்காலுக்கு ஷட்டரை இறக்கிப் பட்டறையை இருட்டாக்கினோம். ஜகத்தாத்ரி அம்மாவை நினைத்துக்கொண்டு நான் சுவிட்சைப் போட்டேன். அலகு எரிந்தது, கழுத்து எரிந்தது, தோகை வரிசை வரிசையாக விரிந்தது. பல்ட்டு என்னைப் பிடித்து உலுக்கினான். நடுவில் ஒரே ஒரு கண் மட்டும் இருட்டு.

"அது யாரோடது?"

"என்னோடது" என்றார் பூதேப்-தா.

வெளியே லாரிக்காரன் ஹாரன் அடித்தான். நிராபத்-தா எழுந்தார். "நான் பாக்கறேன்."

"இரு. கை எப்படி இருக்கு?"

நிராபத்-தா தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "கொஞ்சம் ஆடுது. நீங்க ஒயரைப் புடிச்சுக்குங்க, நான் பத்தவைக்கறேன்."

இரண்டு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. நூற்றிருபதாவது கண்ணும் திறந்துகொண்டது. நான் ஷட்டரை மேலே தள்ளினேன்.