ஈரல் பங்கு

என் புருஷன் கார்த்திகேசுவுக்குக் காட்டுப்பன்றி ஈரல் என்றால் உயிர். அந்த உயிரை எடுக்கப்போவதும் அதுதான் என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். ரத்தத்தில் இனிப்பு நீர் ஏறிப்போய், போன தீபாவளிக்குப் பிறகு இடது காலில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். இனியும் வாயைக் கட்டாமல், நடக்காமல் இருந்தால் அடுத்தது கால்தான் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். கார்த்திகேசு நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினார். வீடு திரும்பும் வழியில் அசாம் ஜாவா ஊர்க் கடையில் காரை நிறுத்தி, எண்ணெய் வடியும் ரொட்டி சானாய் வாங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பொட்டலத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் வீசினேன். கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அன்றிலிருந்து வீடு போர்க்களம். நான் வைத்த ஓட்ஸ் கஞ்சியை அவர் சுவரில் அடிப்பார். நான் டம்ளரைத் தூக்கி அவர் மேல் எறிவேன். ஒருமுறை அவர் நெற்றி வீங்கிவிட்டது, எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. காலையில் நடக்காவிட்டால் சமையலறைக்குப் பூட்டு என்று சொல்லி, உண்மையிலேயே பூட்டு வாங்கி மாட்டினேன். அவர் பூட்டை உடைத்தார். இன்னும் பெரிய பூட்டாக வாங்கினேன்.

கடைசியில் எனக்கு வழி காட்டியது வேட்டைக் கூட்டம். எங்கள் தோட்டத்துச் செம்பனைக் கன்றுகளைப் பன்றிகள் தோண்டித் தின்பதால், தோட்டத்து ஆட்களை மேய்த்த பழைய மண்டோர் அப்பளசாமி ஞாயிறு காலையில் நாய்களையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போவார். அவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. நாய்களின் பின்னால் கடைசிவரை ஓடியவனுக்குத்தான் கறி. வேனில் உட்கார்ந்திருந்தவனுக்கு எலும்பு. கடைசி அடி அடித்தவன் பன்றியின் வாலை அறுத்துக்கொள்வான், வால் யார் கையில் இருக்கிறதோ ஈரல் அவனுக்கு. இதில் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. என் புருஷன் தன் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாமல் வருஷக்கணக்காக எலும்பு வாங்கியவர். ஈரலுக்கு என் தம்பி சுகுமாரனிடம் பல்லைக் காட்டுவார். அவன் ஒல்லி, நன்றாக ஓடுவான், வாயும் நீளம். மாமாவுக்குப் பங்கு வேண்டுமென்றால் பன்றியிடம் சொல்லி மெதுவாக ஓடச் சொல்கிறேன் என்று கிண்டல் செய்வான்.

ஈரல் வேண்டுமா, ஓடிச் சம்பாதியுங்கள் என்று நான் சொன்னேன். டாக்டருக்கும் திருப்தி, நாக்குக்கும் திருப்தி. ஆச்சரியம், மனிதர் அதைப் பிடித்துக்கொண்டார். விடிந்ததும் லயத்துச் சாலையில் இறங்கிவிடுவார். முதலில் நடந்தார், பிறகு ஓடினார். தொப்பை வற்றியது. கிளினிக்கில் இனிப்பு நீர் இறங்கிவிட்டது என்றார்கள். நான் பூட்டைக் கழற்றினேன். அந்தக் காலைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

இருந்தாலும் அவரை முழுசாக நம்ப என்னால் முடியாது. உண்மையில் ஓடுகிறாரா என்று பார்க்க அந்த ஞாயிறு நானும் போனேன். வேனில் உட்கார்ந்தால் எலும்புதான் என்று சுகுமாரன் சொன்னான். வாயை மூடிக்கொண்டு ஓடு என்றேன்.

நாய்கள் பெரிய கால்வாய்ப் பக்கம் கத்திக்கொண்டு ஓடின. ஆட்கள் ஈட்டியோடு பின்னால் ஓடினார்கள், என் புருஷனும்தான். வேனில் இருந்தபடியே பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பன்றி கால்வாய்க் கரையில் மாட்டிக்கொண்டு திரும்பியது. ஆண் பன்றி, கன்றுக்குட்டி அளவு. முதலில் பாய்ந்த நாயின் வயிற்றைக் கிழித்துவிட்டது. குடல் புல்லில் விழ, அந்த நாய் அதை இழுத்துக்கொண்டே கடிக்கப் போனது. சுகுமாரன் பன்றியின் தோளில் குத்தினான். கார்த்திகேசு மூச்சு வாங்க வந்து கழுத்தில் குத்தினார். பன்றி சாய்ந்தது.

ஈட்டியால் தொண்டையில் இன்னொரு குத்துக் குத்திப் பார்த்த பிறகுதான் வாலைத் தொட வேண்டும். அது சின்னப் பையனுக்கும் தெரியும். இந்த இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாலைப் பிடித்தார்கள். என் குத்தில்தான் விழுந்தது என்றான் அவன். கடைசிக் குத்து என்னுடையது என்றார் இவர். அவன் இவரைத் தள்ளினான். இவர் அவன் வாயில் ஓங்கி ஒரு குத்து விட்டார். உதடு பிளந்து ரத்தம் கொட்ட, அவன் இவர் வயிற்றில் உதைத்தான். மாமனும் மச்சானும் ஒரு பன்றி வாலுக்காகச் சேற்றில் கட்டிப் புரண்டார்கள். அப்பளசாமி தூரத்திலிருந்து கத்தினார்.

"இன்னும் சாவலடா அது."

பன்றி எழுந்தது. சுகுமாரன் கால்வாயில் குதித்துவிட்டான். கார்த்திகேசு வாலை விடவில்லை. ஓடத்தானே அத்தனை மாதம் பழகினார், அந்த ஒரு நேரம் ஓடவில்லை. பன்றி திரும்பி அவர் இடது காலில் கோரைப்பல்லை ஏற்றியது. நான் பொத்திப் பொத்திக் காத்த அதே கால். கெண்டைச் சதை கிழிந்து தொங்கியது. அவர் விழுந்தார், பன்றி மறுபடியும் வந்தது.

நான் எப்போது வேனை விட்டு இறங்கினேன், எப்படி அங்கே போனேன் என்று எனக்குத் தெரியாது. கறி வெட்ட வைத்திருந்த பாராங் கத்தி கையில் இருந்தது. கழுத்தில் வெட்டினேன். அது திரும்பியது. மறுபடி வெட்டினேன். ரத்தம் என் கண்ணிலும் வாயிலும் அடித்தது. எலும்பில் கத்தி மாட்டிக்கொண்டால் காலால் மிதித்துப் பிடுங்கி வெட்டினேன். அது விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. அப்பளசாமிதான் வந்து என் கையைப் பிடித்தார்.

"செத்துருச்சு தாயி. விட்டுரு."

நான் வெட்டியது பன்றியையா, என் புருஷனின் நாக்கையா என்று எனக்கே தெரியாது.

என் துப்பட்டாவால் காலை இறுக்கிக் கட்டி வேனில் ஏற்றினோம். சுகுமாரன் வீங்கிய வாயோடு மாமா, மாமா என்று அழுதுகொண்டு வந்தான். என் புருஷன் முகத்தில் ரத்தமே இல்லை. செத்துவிடுவாரோ என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். அப்போது அவர் கண்ணைத் திறந்து கேட்டார்.

"வால யாரு அறுத்தா?"

கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன். அப்பளசாமி வேனை இன்னும் வேகமாக ஓட்டினார்.

இனிப்பு நீர் முன்பு மாதிரி இருந்திருந்தால் அன்றைக்கே காலை எடுத்திருப்போம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது ஆறுகிறதா என்று பார்க்கலாம் என்றார்கள். ஆறத் தொடங்கியது, மெதுவாகத்தான். அவர்கள் அப்படிச் சொன்ன அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதேன். ஓடாமல் இருந்திருந்தால் கால் போயிருக்கும், ஓடியதால்தான் பன்றியிடம் போனார். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சுகுமாரனைக் கூப்பிட்டுத் திட்டினேன்.

இதற்கிடையில் அப்பளசாமி வீட்டுக்கு வந்து ஒரு பையை நீட்டினார். உள்ளே வால், ஈரல். கடைசி அடி உன்னுடையது தாயி, பங்கும் உன்னுடையது என்றார். நாய்க்குப் போடுங்கள் என்றேன். கொடுத்த பங்கைத் திருப்பி எடுத்துப்போகும் பழக்கம் எங்களுக்கு இல்லை என்று வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். ஐஸ் பெட்டியில் போட்டேன்.

அவர் வீட்டுக்கு வந்த அன்று அதை எடுத்துச் சமைத்தேன். என் ஆயுளில் நான் பன்றிக்கறி தொட்டதில்லை. மிளகும் சோம்பும் இடித்துப் போட்டு, கறிவேப்பிலை உருவி, சுருளச் சுருள வறுத்தேன். வாசனை படுக்கையறைக்குப் போகட்டும் என்றே கதவைத் திறந்து வைத்தேன். போனது.

"கலா, ஒரே ஒரு துண்டு."

"ஓடுனவங்களுக்குத்தான் பங்கு. எழுந்து வாங்க பாப்போம்."

அவர் மனம் நோக வேண்டும் என்றுதான் சொன்னேன். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். முதல் துண்டை வெறுப்போடு கடித்தேன். இரண்டாவதை மெதுவாக மென்றேன். அவ்வளவு ருசியாக இருந்தது. இதனோடா நான் மல்லுக்கு நின்றேன், இதைப் பூட்டு போட்டா தடுக்கப் பார்த்தேன் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் கை நிற்கவில்லை.

ஏதோ இழுபடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டு நனைந்து, வந்த வழியெல்லாம் தரையில் ரத்தம் சொட்டியிருந்தது.

"வந்துட்டேன்லா."

சட்டியைச் சாய்த்துக் காட்டினேன். ஒன்றும் இல்லை. அவர் சுவரோடு சரிந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டியின் அடியில் விரலை விட்டார். கரண்டியால் விரலிலேயே அடித்தேன். மறுபடியும் விட்டார். மறுபடியும் அடித்தேன். பிறகு கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் காலைத் தூக்கி மடியில் வைத்துக் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தேன். எனக்கு அழுகை வந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். என் விரலில் ஒட்டியிருந்த மசாலாவையே பார்த்துக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினார்.