வண்டி மேல் பழி இல்லை

அப்பாவின் கார் சோதனையில் தேறாமல் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டே மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கட்டாயச் சோதனை. தேறாத வண்டியை ரோட்டில் ஓட்டக்கூடாது. ஓட்டாவிட்டால் அவளுடைய குழந்தையை அவர் தினமும் பள்ளிக்குக் கொண்டுபோய் விடவும் முடியாது.

போன வாரம் வீட்டுக் கேட்டில் உரசியபோது, "வெயில் கண்ணுல அடிச்சிருச்சு" என்றார். அன்றைக்கு ஒரே மழை மூட்டம். உங்களுக்குக் கண் மங்கிவிட்டது அப்பா என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. சட்டமே சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆனால் அந்தக் கார் லேசுப்பட்டதா? பிரேக், டயர், புகை, எல்லாவற்றிலும் தேறியது.

"என்ன பெரியவரே, வண்டிக்கு வயசே ஆகலையே! அதோட வயசையும் நீங்களே வாங்கிக்கிட்டீங்களா?" என்றான் சோதனை செய்த இளைஞன். வேலைக்குப் புதியவன்.

"உன் வாய் நல்லா வேலை செய்யுதுப்பா. மிச்சத்தைப் பாரு" என்று அப்பா சிரித்தார்.

மிச்சம் விளக்குகள்தான். சோதனைக் கொட்டகைக்குள் இரைச்சல் காதைப் பிளந்தது. அதனால் அவன் காருக்கு எதிரே தள்ளி நின்று சைகை காட்டினான். முதலில் ஹெட்லைட் கேட்டான். இடது இண்டிகேட்டர் மினுக்கியது. இடது கேட்டான், வலது மினுக்கியது.

மகளுக்குப் புரிந்துவிட்டது. இடது, வலது, அப்புறம் ஹெட்லைட். இவனுக்கு முன்னால் இங்கே சோதனை செய்த பழைய ஆள் எப்போதும் கேட்கும் வரிசை அது. சின்ன வயதில் பின்சீட்டிலிருந்து அவளும் பார்த்திருக்கிறாள். அப்பா மனப்பாடத்தை ஒப்பிக்கிறார். எதிரே அசையும் கை அவருக்குத் தெரியவே இல்லை.

இளைஞன் ஜன்னலருகே வந்தான். "வயரெல்லாம் மாத்தி மாட்டியிருக்கு பெரியவரே. நான் ஒண்ணு கேட்டா இது ஒண்ணு காட்டுது. தேறாது."

அவள் வேண்டியது இதுதான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். இருந்தாள். கைப்பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

"வண்டி மேல பழி போடாதீங்க தம்பி. அதுல ஒரு குறையும் இல்ல. உங்க கைதான் எனக்குத் தெரியல."

இளைஞன் முகத்திலிருந்த சிரிப்பு அடங்கியது.

அப்பா இறங்கினார். பானட்டைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து அவள் பக்கக் கதவைத் திறந்தார். "நீ அங்க போய் உக்காரும்மா. சீட்டை முன்னால இழுத்துக்கோ, கால் எட்டாது."

இந்த முறை கேட்ட விளக்கு கேட்டபடி எரிந்தது. இளைஞன் கண்ணாடியில் புது ஸ்டிக்கரை ஒட்டினான். "போயிட்டு வாங்க ஐயா" என்றான்.

வெளியே வந்ததும் அவள் ஆரம்பித்தாள். "அப்பா, எனக்கு முன்னாடியே..."

"ரோட்டைப் பாரு."

வீட்டுத் தெருமுனை திரும்பும்போதுதான் அவர் மறுபடி வாய் திறந்தார்.

"நாளையிலேருந்து பாப்பாவை நீயே கொண்டு விடு. நான் கேட்டைத் திறந்து விடுறேன்."